வரையாமல் விட்ட பெட்டி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். இருமல் போய்விட்டது, நீ போனில் திட்டிய திட்டுக்கு அதுவே பயந்து ஓடியிருக்கும். நீ, அத்தான், பாப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் முதுகுவலி தேவலையா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். "பேப்பர் ஆபீஸ்ல இருக்கே, செய்தி எழுதறதில்ல, போட்டோ எடுக்கறதில்ல, கம்ப்யூட்டர்ல புரோகிராமும் எழுதறதில்ல. பின்ன என்னதான்டா கிழிக்கிறே?" என்று போன வாரம் கேட்டாய். அரை மணி நேரம் மாரடித்தும் உனக்குப் புரியவைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தத் தாள்களை அனுப்புகிறேன்.

இதற்கு வயர்ஃப்ரேம் என்று பெயர். எங்கள் செய்தித் தளத்தின் முதல் பக்கம் இது. கலர் இல்லை, படம் இல்லை, வெறும் பெட்டியும் கோடும்தான். பெருக்கல் குறி போட்ட பெட்டியில் போட்டோ வரும். மூன்று கோடு இழுத்த இடத்தில் செய்தி வரும். இதை வரைவதற்கு முன்னால் செய்தி மேசையில் இருக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். "நீங்க வந்ததும் முதல்ல என்ன வேலை பாப்பீங்க? ஒரே நாள்ல ரெண்டு பெரிய செய்தி வந்துட்டா எங்க போடுவீங்க?" என்று கேட்டுக் கேட்டு வரைவேன். பென்சில் கோடு என்பதால் யாரும் கூச்சப்படாமல் "இது சரியில்லப்பா, எனக்கு இங்க இடமே இல்ல" என்பார்கள். அழிப்பேன், திரும்ப வரைவேன். கலர் போட்டுக் காட்டிவிட்டால் நீலமா பச்சையா என்றுதான் சண்டை வரும். எது விட்டுப்போனது என்று ஒரு ஜீவனுக்கும் தோன்றாது.

முதல் பக்கத்துக்கு ஆறு வாரம் இப்படி உட்கார்ந்தேன். எங்கள் மேலாளருக்கு 'நாளைக்கே' என்று பெயர் வைத்திருக்கிறோம், எதைக் கேட்டாலும் "நாளைக்கே வேணும்" என்பதால். அவர் வந்து, "பொட்டி பொட்டியா வரைஞ்சது போதும். உள்பக்கத்தை நேரா கலர்லயே காட்டு" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஒரு செய்தியைத் திறந்தால் என்ன இருக்கப்போகிறது? தலைப்பு, படம், செய்தி. இதற்கு எதற்குப் பத்துப் பேரைப் போய்க் கேட்பது? மூன்றே நாளில் கலரில் முடித்துக் காட்டினேன். ஆசிரியர் எழுந்து நின்று கைதட்டினார் அக்கா! நேற்றுத் தளம் வெளியாகிவிட்டது. அத்தானிடம் சொல், அவர் மச்சான் இனி லேசுப்பட்ட ஆள் இல்லை.

பாப்பாவுக்கு முத்தம். பதில் போடு.

தம்பி


பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். இருமல் போனதாக எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

நாள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவளுக்கு ஒரு கடிதம் வருகிறது என்றால் சும்மாவா? பக்கத்துக் கவுண்டர்காரி, "என்ன, லவ் லெட்டரா?" என்று கேலி செய்தாள். "போடி, என் தம்பி பெரிய பேப்பர்ல படம் வரையறான்" என்று தாள்களை விரித்துக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டினார்கள்.

அத்தானுக்குத்தான் நன்றாகப் புரிந்தது. "குழாய் போடறதுக்கு முன்னாடி நாங்களும் இப்படித்தான் கோடு போட்டுப் பாப்போம். கோட்டுல விட்டுப்போச்சுன்னா வீட்டுல தண்ணி வராது" என்றார். உன் தாள் ஒன்றை, ஊருக்குத் தண்ணீர் விடுகிற தன் பம்ப் ஹவுஸ் சுவரில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறாராம். அவருக்கு உன்மேல் எத்தனை பெருமை என்று உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். இன்னொரு தாளில் பாப்பா பெட்டிக்கெல்லாம் கலர் அடித்துவிட்டாள். 'நாளைக்கே' பார்த்தால் சந்தோஷப்படுவார்.

வேளைக்குச் சாப்பிடு. முதுகுவலி தேவலையாம், சொல்லச் சொன்னார்.

அக்கா


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய். நாங்களும் இருக்கிறோம்.

போனில் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். இரண்டு போனும் கெட்டுவிட்டன. ஒன்று தண்ணீரில் விழுந்தது, இன்னொன்று தானாகவே போய்விட்டது. இப்போதைக்குச் சரிசெய்யும் எண்ணம் இல்லை. கடிதமே எழுது.

பாப்பா கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. என் கவுண்டரில் இப்போதெல்லாம் கூட்டமே இல்லை, எல்லோரும் பக்கத்துக் கவுண்டரில் நிற்கிறார்கள். எனக்கும் வேலை குறைவு, நிம்மதியாக இருக்கிறது. அத்தானுக்கு லீவு.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். உங்கள் பேப்பரில் ஒருவரைப் பற்றித் தப்பாகச் செய்தி வந்துவிட்டது என்று வை. பிறகு உங்களுக்கே தப்பு என்று தெரிந்துவிடுகிறது. அதை எங்கே திருத்துவீர்கள்? ஒரு தெரிந்தவருக்காகக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஒரே சமயத்தில் இரண்டு போனைக் கொன்ற பெருமை உலகத்திலேயே உங்கள் வீட்டுக்குத்தான். பாப்பா ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை? மட்டம் போடக் கற்றுக்கொண்டாளா? மாமனைப்போல வந்துவிடுவாள், ஜாக்கிரதை. அத்தான் லீவு போட்டதாகக் கேட்டதே இல்லையே. நல்லது, ஓய்வெடுக்கட்டும்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். எங்கள் ஆசிரியருக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. வெளியான செய்தியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. ஓசைப்படாமல் மாற்றுவது வாசகனை ஏமாற்றுவது என்பார். செய்தி அப்படியே இருக்கும். அதன் தலைக்குமேல், இன்ன தப்பு செய்தோம், உண்மை இது, என்று தனிப் பெட்டியில் திருத்தம் வரும். இதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறார், 'திருத்தக்கா' என்று கூப்பிடுவோம். ரொம்பக் கறாரான ஆள். அதனால் உன் தெரிந்தவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். திருத்தம் என்றால் கண்ணில் குத்துகிற மாதிரி மேலேயே நிற்கும்.

இன்னொன்று. இந்த மாத ஆரம்பத்தில் உங்கள் ஊர்ப் பெயரை ஒரு தலைப்பில் பார்த்தேன், தண்ணீர் விஷயம் ஏதோ. ஆசிரியர் கூப்பிட்டு, "தலைப்பு மூணு வரிக்கு வழியுது பாரு" என்றார். நான்தான் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி இரண்டு வரியில் அடக்கினேன். அழகாக உட்கார்ந்துவிட்டது. அத்தானிடம் சொல், அவர் ஊர்ச் செய்தியில் என் கைவண்ணம் இருக்கிறது என்று.

தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே.

தலைப்பை நீ சரிசெய்ததை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்.

நீ எழுதிய பெட்டி வரவில்லை தம்பி. அந்தத் தெரிந்தவர் போனில் பார்த்தார். நான் தபால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பார்த்தேன். செய்திதான் இருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை. உங்கள் ஆபீசுக்குக் கேட்டால் "போட்டு மூணு வாரம் ஆச்சே" என்கிறார்களாம். போட்டது நம் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? பார்க்கிற விதம் ஏதாவது இருக்கிறதா?

நீயாக எதுவும் செய்யவேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுது.

பாப்பாவை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம். கொஞ்சம் தூரம்தான்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நம் தளத்துக்கு ஒரு பரிசு கிடைத்திருக்கிறது! சிறந்த வடிவமைப்பு என்று. அதிலும் உள்பக்கத்தைத்தான் தனியாகப் பாராட்டினார்கள், "கண்ணை உறுத்தும் ஒரு பெட்டிகூட இல்லாத சுத்தமான பக்கம்" என்று. மூன்றே நாளில் போட்ட பக்கம்! அதிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். கால் தரையில் நிற்கவில்லை.

உன் தெரிந்தவர் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போனை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல். போட்டாச்சு என்று திருத்தக்கா சொன்னால் போட்டாச்சுதான், அவர் பொய் சொல்லமாட்டார். கோபிக்காதே, சில பேர் இப்படித்தான் அக்கா, நச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் செய்தி மேசைக்கும் ஓர் ஆள் தினமும் பதினோரு மணிக்கு டாண் என்று போன் பண்ணுகிறார். "அம்மா, இன்னும் வரலைங்க" என்பாராம். "வந்திருக்குங்க, நல்லா பாருங்க" என்று வைத்துவிடுவார்களாம். அவர் பெயரே இப்போது 'பதினோரு மணி' ஆகிவிட்டது. போன் அடித்தால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

பாப்பாவுக்கு எதற்குத் திடீரென்று வேறு பள்ளிக்கூடம்? அத்தான் இன்னும் லீவில்தானா? இந்த லீவிலேயே மூன்று பேரும் இங்கே வந்து பத்து நாள் இருங்களேன்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

பரிசு கிடைத்தது சந்தோஷம். நன்றாக இரு.

கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டும்போது 'பதினோரு மணி' வந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன். அந்தத் தெரிந்தவர் இனிமேல் போன் பண்ணமாட்டார் என்று உங்கள் ஆபீசில் சொல்லிவிடு.

அக்கா


மே 12

அக்கா,

உன் கடிதம் வந்தபோது மதியம். இரண்டு முறை படித்தேன். நேராகத் திருத்தக்காவின் மேசைக்குப் போனேன். இத்தனை மாதத்தில் அந்த மேசைக்கு நான் போனதே அன்றுதான் முதல் தடவை.

"பதினோரு மணி இப்பல்லாம் போன் பண்றாரா?" என்று கேட்டேன். "ஒரு வாரமா இல்லப்பா. நானே நெனச்சேன்" என்றார். எந்தச் செய்திக்கு என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார். திருத்தம் எழுதியிருக்கிறார், மார்ச் 9ஆம் தேதி, கீழே 'வெளியிடப்பட்டது' என்று பச்சையில் இருக்கிறது. என் போனில் அதே செய்தியைத் திறந்தேன். மேலே ஒன்றும் இல்லை. அவர் போனிலும் திறந்து பார்த்தார். அதிலும் இல்லை.

உள்பக்கத்தில் திருத்தத்துக்கு இடமே இல்லை அக்கா. நான் வைக்கவில்லை. அவர் எழுதியதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் வந்து நிற்கப் பெட்டி இல்லாததால். தளம் வெளியான நாளிலிருந்து நூற்று முப்பத்தோரு திருத்தங்கள். ஒன்றுகூட யார் கண்ணிலும் படவில்லை. அந்த அம்மா போட்டேன் போட்டேன் என்று சொன்னது பொய்யில்லை. அத்தான் வரலை வரலை என்று சொன்னதும் பொய்யில்லை.

அதற்கப்புறம்தான் செய்தியைப் படித்தேன். நான் இரண்டு வரியில் அடக்கிய அதே தலைப்பு. பம்ப் ஹவுஸில் வடிகட்டாத தண்ணீர் போகிற வால்வைத் திறந்து விட்டுவிட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேருக்குக் காய்ச்சல், இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று செத்துப்போனது, வேலையிலிருந்த ஆபரேட்டர் இன்னார் என்று அத்தான் பெயர், வயது, தெரு. அதற்கு எட்டாம் நாள், பழைய ஷிப்ட் பட்டியலைப் பார்த்து எழுதியதால் வந்த பிழை, அன்று அவர் வேலையிலேயே இல்லை என்று திருத்தம்.

நான் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை அக்கா. சத்தியமாகப் படிக்கவில்லை. எனக்குத் தலைப்பு என்றால் எத்தனை எழுத்து, எத்தனை வரி, அவ்வளவுதான். பெட்டிக்குள் என்ன விழுகிறது என்று நான் பார்ப்பதே இல்லை.

உள்பக்கத்துக்கும் வயர்ஃப்ரேம் வரைந்திருந்தால் அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். முதல் கேள்வியே "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்பதுதான். "திருத்தம் போடறேன்" என்றிருப்பார். பென்சிலில் நாலு கோடு இழுத்திருப்பேன். அரை நிமிஷ வேலை. மூன்று நாளில் முடித்தேன் என்று உனக்குப் பீற்றிக்கொண்டு எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

இன்று காலை பெட்டியை வைத்துவிட்டோம். அத்தான் செய்தியின் தலைக்குமேல் இப்போது திருத்தம் நிற்கிறது. போய்ப் பார். அவரையும் பார்க்கச் சொல். ஏன் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

தம்பி


மே 22

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடாமல் கிடக்காதே. நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். செய்தி வந்த அன்றே உனக்குப் போன் போடத்தான் எடுத்தேன். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அவன் சொல்லி வந்தா, மச்சான் தயவுல வந்துச்சும்பாங்க. தப்பு அவங்களோடது, திருத்தமும் அவங்களா போடணும். தானா வரட்டும்" என்றார். அதனால்தான் தெரிந்தவர், தெரிந்தவர் என்று உன்னிடம் சுற்றி வளைத்தேன். போன் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. எடுத்தால் காதால் கேட்க முடியாத பேச்சு, அதனால் அணைத்து வைத்துவிட்டோம். அவர் மட்டும் காலையில் உங்கள் ஆபீசுக்குப் பேச ஒரு தடவை போட்டுவிட்டு அணைத்துவிடுவார்.

அப்புறம் உன் தலைப்புக் கடிதம் வந்தது. நீ செய்தியைப் படித்துவிட்டாய், நம்பியும்விட்டாய், அதை மறைக்கத்தான் விளையாட்டாக எழுதுகிறாய் என்று நினைத்தோம். அத்தான் அன்று சாப்பிடவில்லை. உன்னைத் திட்டவும் இல்லை. "அவனும்தானா?" என்று மட்டும் கேட்டார். படிக்காமலே ஒருவன் தலைப்பைத் திருத்துவான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் ஆபீஸ் விசாரணையில் அவர்மேல் குற்றம் இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். எத்தனை பேரிடம் எடுத்துக் காட்டுவது? காட்டினாலும், "ஆபீஸ்காரன் ஆபீஸ்காரனைக் காப்பாத்தாம என்ன பண்ணுவான், பேப்பர்ல இன்னும் இருக்கே" என்றார்கள்.

இப்போது பெட்டி வந்துவிட்டது. பார்த்தேன். வாய்விட்டு அழுதேன். தபால் ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். பக்கத்துக் கவுண்டர்காரி படித்துவிட்டு, "உன் தம்பி அங்கதானே இருக்கான்? முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பாவம், மனுஷன் ரெண்டு மாசம் கஷ்டப்பட்டாரே" என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள். ஆனால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடையில், மச்சான் தயவில் வந்த திருத்தம் என்றே பேச்சாம். உன் தாள்களை ஊருக்கெல்லாம் விரித்துக் காட்டினவள் நான்தானே தம்பி. யாரைக் குற்றம் சொல்ல?

அத்தானிடம் போனை நீட்டினேன். படித்தார். "ம்" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலமானால் எங்கேயோ போய்விட்டு வருகிறார். எங்கே என்று கேட்டால் சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

நான் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் உறவு என்பதையும் சொன்னேன். அந்தச் செய்தியைத் தானே திறந்து படித்தார். பிறகு, "பெட்டி பத்தாது. முதல் பக்கத்துல பெரிய செய்தியாவே போடுவோம், அந்தக் குழந்தையோட வீட்டுக்கும் ஆள் அனுப்பி நாம செஞ்ச தப்பை நேர்ல சொல்லுவோம்" என்றார். இதில் என் கை ஒரு துளியும் இருக்காது. அடுத்த வாரம் வேறு ஊரிலிருந்து ஒரு நிருபரை அனுப்புகிறார்.

நானும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வந்து அத்தான் காலில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 30

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே அக்காவும் பாப்பாவும் நலம். எனக்கு முதுகுவலி கொஞ்சம் உண்டு, பெரிதாக ஒன்றுமில்லை. பம்ப் ஹவுஸ் நோட்டில் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதி வருஷக்கணக்காகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நிருபரையும் அனுப்ப வேண்டாம் என்று உன் ஆசிரியரிடம் சொல்லிவிடு. அந்தத் திருத்தப் பெட்டியையும் எடுத்துவிடு. ஏன் என்று எழுதுகிறேன். அக்காவுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஏப்ரல் கடைசியில் நான் அந்தக் குழந்தையின் அம்மாவைப் பார்க்கப் போனேன். என்மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் போனேன். ஆபீஸ் கடிதமும் பையில் இருந்தது. முதல் நாள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் திறந்து, "ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, சும்மா கேட்டாள். நான் செய்யவில்லை என்று அதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவளிடம் அது வாயிலேயே வரவில்லை. "மறந்துட்டேம்மா. வால்வை மூட மறந்துட்டேன். மன்னிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் உள்ளே வரச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போகிறேன். குழந்தையைப் பற்றிப் பேசுவாள். அவள் வீட்டில் மற்றவர்களுக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் கேட்பேன். போன வாரம், "உங்கள மன்னிச்சுட்டேன், இனிமே எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். உண்மையாகவே தூங்குகிறாளாம். செய்யவில்லை என்று எனக்காகச் சொல்ல இத்தனை நாளில் ஒருவரும் வரவில்லை மச்சான். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல இவள் ஒருத்தி வந்தாள்.

பெட்டி வந்த மறுநாள் யாரோ அவளிடம் காட்டியிருக்கிறார்கள். "இதுல நீங்க இல்லைன்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள். "அது என் மச்சான் போட்டது, நம்பாதீங்க" என்றேன். நம்பிக்கொண்டாள். நிருபர் வீடு தேடி வந்து சொன்னால் அவள் அவரைத்தான் நம்புவாள். திரும்பவும் முதலிலிருந்து, யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று ஆரம்பிப்பாள். அதை அவள் தாங்கமாட்டாள். நானும் தாங்கமாட்டேன்.

வால்வு திறந்துகிடந்த அன்றைக்கு நான் வீட்டில் பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன் என்று உன் அக்கா அடித்துச் சொல்கிறாள். இருக்கலாம். அந்தச் செய்தியைத் தினமும் படித்துப் படித்து இப்போது எனக்கு வால்வுச் சக்கரம் கையில் சுற்றுவதுதான் ஞாபகம் வருகிறது. பாப்பாவின் தலை ஞாபகம் வரவில்லை.

உன் ஆசிரியர் நல்லவர், செய்தியை மாற்றமாட்டார் என்று எழுதியிருந்தாய். அது அப்படியே இருக்கட்டும். பெட்டியை மட்டும் எடுத்துவிடு. அந்த அம்மாவிடம் நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்